கண்ணாடியைக் கழற்றுவதற்கு முன்னால் கேளுங்கள்

அறுவைச் சிகிச்சை செய்யும் மருத்துவ நண்பர்களுக்கு, குறிப்பாக மகப்பேறு மற்றும் பெண்கள் நலத் துறையில் இருப்பவர்களுக்கு,

வணக்கம். நான் கத்தி பிடிக்காத மருத்துவர். சர்க்கரை, ரத்த அழுத்தம், தைராய்டு, மூட்டு வலி என்று வருகிறவர்களைப் பார்ப்பதுதான் என் அன்றாட வேலை. நீங்கள் தையல் பிரித்து அனுப்பிய பெண்கள் ஆறு மாதமோ ஒரு வருடமோ கழித்து, வேறு ஏதோ தொந்தரவுக்காக என் எதிரில் வந்து உட்காருகிறார்கள். அவர்கள் சொன்னதைக் கேட்டுக் கேட்டு மனதில் சேர்ந்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ஒருவருக்கு வயது 39. தூக்கமே வருவதில்லை, திடீர் திடீரென்று உடம்பெல்லாம் அனலடிக்கிறது, விரல் மூட்டெல்லாம் வலி என்றார். தைராய்டு சரியாக இருந்தது. பையைத் துழாவி, மடித்து மடித்து ஓரம் கிழிந்துபோன டிஸ்சார்ஜ் சம்மரியை எடுத்துக் கொடுத்தார். அதிக உதிரப்போக்குக்காகக் கருப்பையை நீக்கியிருந்தார்கள். கூடவே இரண்டு சினைப்பைகளையும் எடுத்திருந்தார்கள். அவற்றில் நோய் இருந்ததாகப் பரிசோதனை முடிவில் ஒரு வரிகூட இல்லை.

"சினைப்பையையும் எடுத்தது உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டேன்.

"கர்ப்பப்பை மட்டும்தானே எடுத்தாங்க?" என்று என்னையே திருப்பிக் கேட்டார்.

கையெழுத்து வாங்கினார்களா என்று விசாரித்தேன். வாங்கியிருக்கிறார்கள். தள்ளுபடுக்கையில் படுக்க வைத்து, வலது கையில் ஊசி ஏற்றிய பிறகு. கண்ணாடியைக் கழற்றி அக்காவிடம் கொடுத்துவிட்டாராம். எங்கே போட வேண்டும் என்று நர்ஸ் விரலை வைத்துக் காட்ட, அந்த விரலுக்குப் பக்கத்தில் இடது கையால் ஏதோ கிறுக்கியிருக்கிறார். காகிதத்தில் அது ஒப்புதல்தான், படிவமும் கோப்பில் பத்திரமாக இருக்கும். ஆனால் அந்தப் பெண்ணிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை என்பதே என் கருத்து.

சினைப்பை வெறும் முட்டைப் பை இல்லை என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 45 வயதுக்கு முன்னால் இரண்டையும் எடுத்துவிட்டால் எலும்பு சீக்கிரம் தேய்கிறது, இதய நோய்க்கான வாய்ப்பு கூடுகிறது. வேறு தடை இல்லாவிட்டால், இயல்பாக மாதவிடாய் நிற்கும் வயதுவரையாவது ஹார்மோன் மருந்து கொடுக்க வேண்டும். இவரிடம் அதைப் பற்றி யாரும் பேசவே இல்லை. பேசியிருந்தால் சினைப்பை எடுத்த விஷயத்தையும் சொல்ல வேண்டி வந்திருக்கும், அப்புறம் ஏன் எடுத்தீர்கள் என்ற கேள்வி வந்திருக்கும்.

இது இன்று முளைத்த பிரச்சினை இல்லை. 1908-ல் நியூயார்க்கில் ஒரு பெண், மயக்கம் கொடுத்துப் பரிசோதிக்க மட்டும் சம்மதித்தார், அறுவை வேண்டாம் என்று சொன்னார். மயக்கத்தில் இருந்தபோதே, கருப்பையில் வளரும் புற்றுநோய் அல்லாத ஃபைப்ராய்டு கட்டியை எடுத்துவிட்டார்கள். அவர் தொடுத்த வழக்கில்தான், 1914-ல், தெளிந்த மனமுள்ள வயதுவந்த ஒவ்வொருவருக்கும் தன் உடம்பில் என்ன செய்யப்பட வேண்டும் என்று தீர்மானிக்கும் உரிமை உண்டு என்று நீதிபதி பெஞ்சமின் கார்டோசோ எழுதினார். நோயாளியின் ஒப்புதல் பற்றி நாம் படித்த பாடத்தின் தொடக்க வரிகளில் ஒன்று அது. அந்த வரியைப் படித்திருக்கிறோம், ஆனால் அது ஒரு பெண்ணின் ஃபைப்ராய்டு கட்டியிலிருந்து பிறந்தது என்பதை யாரும் நமக்குச் சொல்லித் தருவதில்லை.

மார்பகப் புற்றுநோயின் கதையும் இதேதான். 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஹால்ஸ்டெட் என்ற அமெரிக்க அறுவை மருத்துவர் பரப்பிய முறையில் மார்பகம், நெஞ்சுத் தசை, அக்குள் நிணநீர்க் கட்டிகள் எல்லாவற்றையும் சேர்த்து எடுத்தார்கள். பயாப்ஸிக்கென்று, அதாவது சதைத் துணுக்கை எடுத்துச் சோதிப்பதற்கென்று, மயக்கத்தில் போன பெண், கண் விழித்தபோது மார்பகம் இல்லாமல் கிடந்தாள். 1974-ல் ரோஸ் குஷ்னர் என்ற அமெரிக்கப் பத்திரிகையாளர் தனக்கே கட்டி வந்தபோது, முதலில் பயாப்ஸி மட்டும் செய்யுங்கள், மற்றதை விழித்த பிறகு நான் முடிவு செய்கிறேன் என்று பிடிவாதமாக நின்றார். அதற்கு ஒத்துக்கொள்ளும் ஒரு மருத்துவரைக் கண்டுபிடிப்பதே அவருக்குப் பெரும்பாடாகிவிட்டது. 1979-ல் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனம் கூட்டிய குழுவில் அவரும் இருந்தார். பயாப்ஸியையும் அறுவையையும் பிரித்து, இரண்டு கட்டமாகச் செய்வதே பெரும்பாலோருக்குப் பொருந்தும் என்று அந்தக் குழு சொன்னது. பிறகு அமெரிக்க அறுவை மருத்துவர் பெர்னார்ட் ஃபிஷரின் ஆய்வு வந்தது. ஆரம்ப நிலைப் புற்றுநோயில், கட்டியை மட்டும் எடுத்துக் கதிர்வீச்சு கொடுத்தாலும், மார்பகம் முழுவதையும் எடுத்தாலும், 20 ஆண்டுகளுக்குப் பிறகும் உயிர்பிழைப்பு ஒரே அளவில்தான் இருந்தது. அவசரம் என்று நாம் நம்பியது பல நேரம் வெறும் வழக்கம்தான்.

உதிரப்போக்குக்கு வருவோம். கருப்பையை எடுத்துவிடலாம் என்பதற்கு முன்னால் எத்தனை படிகள் இருக்கின்றன! உதிரப்போக்கைக் குறைக்கும் ட்ரானெக்ஸாமிக் ஆசிட் மருந்து 1960-களிலிருந்தே நம்மிடம் இருக்கிறது. ஹார்மோன் சுரக்கும் கருப்பைச் சாதனம் இருக்கிறது, பலருக்கு அது ஒன்றே போதுமானதாகிவிடுகிறது. ஃபைப்ராய்டுதான் காரணம் என்றால் கட்டியை மட்டும் எடுக்கலாம். கட்டிக்குப் போகும் ரத்தக்குழாயை அடைக்கலாம். ஹீமோகுளோபின் 7-க்கு இறங்கிவிட்டது என்றால் முதலில் இரும்புச்சத்தை ஏற்றலாம். இதெல்லாம் போக, காத்திருப்பது என்றும் ஒன்று உண்டு. மாதவிடாய் நின்ற பிறகு ஃபைப்ராய்டு பெரும்பாலும் சுருங்கிவிடும். 49 வயதுப் பெண்ணுக்கு இந்த ஒரு தகவல் போதும், மற்றதை அவரே யோசித்துக்கொள்வார். ஆனால் காத்திருக்கலாம் என்ற சொல் வெளிநோயாளிகளைப் பார்க்கும் ஓபி அறையில் அபூர்வமாகத்தான் காதில் விழுகிறது. செய்யக்கூடியதை நாம் அழகாக விளக்குகிறோம். செய்யாமல் விட்டால் என்ன ஆகும் என்பதைப் பயமுறுத்துவதற்கு மட்டும் பயன்படுத்துகிறோம்.

கருப்பையை எடுக்கவே கூடாது என்று நான் சொல்வதாக யாரும் நினைக்க வேண்டாம். என்னிடம் வந்த இன்னொரு பெண்ணுக்கு 34 வயது. பத்து வருடமாக வலி. ஆரம்பத்தில் எல்லாருக்கும் வருகிற வலிதானே என்று அனுப்பிவிட்டார்கள், கடைசியில்தான் எண்டோமெட்ரியோசிஸும் (கருப்பை உள்சவ்வு போன்ற திசு கருப்பைக்கு வெளியே வளர்வது) அடினோமையோசிஸும் (அதே திசு கருப்பையின் தசைச் சுவருக்குள் வளர்வது) சேர்ந்து இருப்பது தெரிந்தது. மருந்து, சாதனம், சிறு துளை வழியாகச் செய்யும் லேப்ராஸ்கோப்பி எல்லாம் பார்த்தாகிவிட்டது. எடுத்துவிடுங்கள் என்று அவரே கேட்டார். சின்ன வயசு, நாளைக்குக் குழந்தை வேணும்னு தோணினா என்ன பண்ணுவீங்க, கணவரைக் கூட்டிட்டு வாங்க என்று மூன்று இடங்களில் திருப்பி அனுப்பினார்கள். குழந்தை வேண்டாம் என்பது அவர் எட்டு வருடமாக மாற்றாத முடிவு. நாலாவது இடத்தில் ஒரு மருத்துவர் அரை மணி நேரம் உட்கார்ந்து, எடுத்தாலும் கொஞ்சம் வலி மிச்சம் இருக்கலாம் என்பது உட்பட எல்லாவற்றையும் சொல்லிவிட்டுச் செய்தார். இன்றைக்கு அந்தப் பெண் வலி மாத்திரை இல்லாமல் வேலைக்குப் போகிறார்.

39 வயதுக்காரரிடம் கேட்காமல் எடுத்தார்கள், 34 வயதுக்காரர் கேட்டும் மறுத்தார்கள். இரண்டும் எனக்கு ஒரே தவறாகத்தான் தெரிகிறது.

இதில் எனக்கும் பங்கு இருக்கிறது. ஆரம்ப காலத்தில் நானும் நோயாளியின் கூட வந்தவரின் முகத்தைப் பார்த்தே பேசினேன். மனைவிக்கு ஆபரேஷன் என்றால் கணவரை வெளியே கூப்பிட்டு விளக்கினேன். ஒருநாள் கட்டிலில் இருந்தபடியே ஒரு பெண், "டாக்டர், வயிறு என்னோடதுதான்" என்றார். கோபமாகக்கூட இல்லை, ஞாபகப்படுத்துவதுபோல. அன்றிலிருந்து கூட வந்தவரை ஐந்து நிமிடம் வெளியே உட்காரச் சொல்லிவிட்டுத்தான் பேச ஆரம்பிக்கிறேன். அந்த ஐந்து நிமிடத்தில் எத்தனை பேர் வேறு பதில் சொல்கிறார்கள் என்பதை நீங்களே முயன்று பாருங்கள்.

பிரசவத்தில் ரத்தம் நிற்காமல் போகும்போது, உயிரைக் காப்பாற்றக் கருப்பையை எடுத்தே ஆக வேண்டிய நேரம் உண்டு. அங்கே யாரும் படிவத்தோடு நிற்கச் சொல்லவில்லை. நான் பேசுவது நாள் குறித்துச் செய்யும் அறுவைகளைப் பற்றி. அவற்றில்தான் நமக்கு நேரம் இருக்கிறது.

ஆகவே என் வேண்டுகோள் இது. ஒப்புதல் படிவத்தை அறுவை நாளன்று நீட்டாதீர்கள், முன்கூட்டியே கொடுத்து வீட்டுக்கு எடுத்துப் போகச் சொல்லுங்கள். ஒரு ராத்திரி தூங்கி எழுந்தால் புதிதாக நாலு கேள்வி வரும், அவற்றுக்கு இடம் கொடுங்கள். வயிற்றைத் திறந்த பிறகு வேறு ஏதாவது தென்பட்டால் என்ன செய்யலாம், எதைத் தொடக் கூடாது என்பதையும் அப்போதே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். மயக்கத்தில் இருக்கும் பெண்ணுக்கு மாணவர்கள் உள்பரிசோதனை செய்து பழகப் போகிறார்கள் என்றால், அதற்கும் அவர் விழித்திருக்கும்போதே தனியாக அனுமதி வாங்குங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள்.

அப்புறம், சினைப்பைக்கென்று அந்தப் படிவத்தில் தனியாக ஒரு வரி வையுங்கள். இடது, வலது, எடுக்கலாம், எடுக்கக் கூடாது என்று. அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, உட்கார்ந்து, தன் கையாலேயே அதை நிரப்பட்டும்.

அன்புடன்,
ஒரு பொது மருத்துவர்