வாசலிலிருந்து நடந்து பார்த்த பிறகு முன்பணம் கொடு

மேற்கு மாம்பலம்,
ஞாயிற்றுக்கிழமை இரவு.

அன்புள்ள மகளுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் நலம். நீ பெங்களூரிலிருந்து அனுப்பிய, சென்னைக்குத் தெற்கே தாழம்பூரில் நீங்கள் வாங்க நினைக்கும் வீட்டின் வரைபடத்தை நேற்று இரண்டு முறை பிரித்துப் பார்த்தேன். மூன்று படுக்கையறைகள், கிழக்குப் பார்த்த வாசல், காற்று வரும் சமையலறை என்று வீட்டுக்குள் குறை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. ஆடி முடிந்து ஆவணி பிறந்ததும் முன்பணம் கொடுத்துவிடலாம் என்று மாப்பிள்ளை சொன்னதாக அப்பா சொன்னார். தொலைபேசியில் பேசத் தொடங்கினால் உனக்கு அலுவலகக் கூட்டம் வந்துவிடும், நான் சொல்ல வந்தது பாதியில் நின்றுவிடும் என்பதால், மனத்தில் உள்ளதை முழுவதுமாக எழுதிவிடுகிறேன்.

முப்பத்தொரு ஆண்டுகள் நான் வரைவாளர் வேலை பார்த்தவள் என்பது உனக்குத் தெரியும். கணினி வருவதற்கு முன்பு நிலப் பயன்பாட்டு வரைபடங்களுக்கு நாங்கள் கையால்தான் வண்ணம் தீட்டினோம். குடியிருப்புக்கு மஞ்சள், வணிகத்துக்கு நீலம், வயலுக்குப் பச்சை. ஒரு கிராமத்தின் பச்சையை மஞ்சளாக்கும் கோப்பு வந்தால், புல எண்ணைச் சரிபார்த்து, எல்லைக்கோடு தாண்டாமல் தீட்டி, அதிகாரியின் கையெழுத்துக்கு அனுப்புவேன். அந்த மஞ்சளுக்குள் குடியேறப் போகிறவர்கள் எதில் ஏறி எங்கே போவார்கள், மருந்துக்கும் பாலுக்கும் பள்ளிக்கும் எவ்வளவு தூரம் நடப்பார்கள் என்று அந்தக் கோப்பில் கேள்வி எதுவும் இருந்ததாக எனக்கு நினைவில்லை, நானும் கேட்கவில்லை. இன்று நீ அப்படிப்பட்ட ஒரு மஞ்சளுக்குள் குடிபோக நினைக்கும்போது, அன்று கேட்காமல் விட்டதை உன்னிடமாவது கேட்டுவிட வேண்டும் என்று தோன்றுகிறது.

போன செவ்வாய்க்கிழமை, உன்னிடம் சொல்லாமல், சித்தியை அழைத்துக்கொண்டு அந்த இடத்தைப் பார்த்துவிட்டு வந்தேன். கோபித்துக்கொள்ளாதே. விற்பனைப் பையன் மிகவும் மரியாதையாக மாதிரி வீட்டைக் காட்டினான், திரும்பும்போது காரில் கொண்டுபோய் விடுவதாகவும் சொன்னான். நாங்கள் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, வாயில்கதவிலிருந்து பழைய மகாபலிபுரம் சாலையின் பேருந்து நிறுத்தம் வரை நடந்தோம். காலை பத்தரை மணி. இரண்டு பக்கமும் குடியிருப்புகளின் நீண்ட மதில் சுவர்கள், நடுவில் ஒரு காலத்தில் மாட்டு வண்டி போன அகலத்திலேயே இருக்கும் தார்ச்சாலை. நடைபாதை கிடையாது, ஒதுங்க ஒரு மரம் கிடையாது. ஐந்து நிமிடத்துக்கு ஒரு தண்ணீர் லாரி வந்தது, ஒவ்வொன்றுக்கும் நாங்கள் மதிலோடு ஒட்டி நின்றோம். சித்தியின் செருப்பு ஒரு முறை சேற்றில் மாட்டிக்கொண்டது. நிறுத்தத்தை அடைய முப்பத்தைந்து நிமிடங்கள் ஆயின. வழியில் ஒரு காவலாளியிடம் குடிக்கத் தண்ணீர் கேட்டபோது, "இங்க யாரும் நடக்க மாட்டாங்கம்மா, எல்லாரும் வண்டிதான்" என்று ஆச்சரியப்பட்டார்.

சென்னைக்கு வந்தபின் உன் அலுவலகம் சோழிங்கநல்லூரில், வீட்டிலிருந்து எட்டு கிலோமீட்டர்தான் என்று நீ எழுதியிருந்தாய். அது உண்மை. ஆனால் ஒரு குடும்பத்தின் நாளில் அலுவலகப் பயணம் ஒன்றுதானா இருக்கிறது? குழந்தையைப் பள்ளியில் விடுவது, மாலையில் பாட்டு வகுப்புக்கு அழைத்துப் போவது, காய்ச்சல் வந்தால் மருத்துவர், தீர்ந்துபோன உளுந்து, தைக்கக் கொடுத்த ரவிக்கை, எனக்கு ஒரு கண் பரிசோதனை என்று ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு வரும் சின்னச் சின்னப் பயணங்கள் எத்தனை! மாப்பிள்ளை எவ்வளவு நல்லவராக இருந்தாலும் அவர் கிண்டியிலிருந்து திரும்பி வரும்போது இருட்டியிருக்கும், ஆகவே இவற்றில் பெரும்பகுதி உன் தலையில்தான் விழும். அந்த வாசலிலிருந்து இவற்றில் ஒன்றைக்கூட நடந்து முடிக்க முடியாது. இரண்டாவது கார் வாங்கும் யோசனை இருப்பதாக நீயே சொன்னாய். அந்தக் காரை உன்னை வாங்கச் சொல்வது அந்த இடம்தான் என்பதை நீ கவனிக்க வேண்டும்.

நீ வளர்ந்த தெருவை நினைத்துப் பார். எங்களுக்கு வசதி இல்லாததால்தான் இங்கே ஒரு போர்ஷனில் குடியிருந்தோம், ஊரைத் திட்டமிட்டுத் தேர்ந்தெடுத்தோம் என்று பெருமை பேச மாட்டேன். ஆனால் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார ரயில் ஓடத் தொடங்கிய 1931-க்குப் பிறகு, அந்தத் தண்டவாளத்தை ஒட்டி நிலையத்திலிருந்து நடந்து போகும் தூரத்தில் வீடுகளும், அந்த வீடுகளுக்கு இடையிலேயே கடைகளும் வளர்ந்தன. மாம்பலமும் குரோம்பேட்டையும் அப்படி வளர்ந்த ஊர்கள். எழும்பூரில் இருந்த என் அலுவலகத்துக்குச் சீசன் டிக்கெட்டில்தான் முப்பத்தொரு ஆண்டுகளும் போய்வந்தேன். மாலை ஆறு மணிக்கு மாம்பலத்தில் இறங்கினால், ஸ்டேஷன் ரோட்டில் காய், அடுத்த முனையில் மாவு மில்லில் காலையில் கொடுத்துவிட்டுப் போன தூக்கு, ஆரிய கவுடா சாலையில் மருந்துக்கடை என்று எல்லாவற்றையும் முடித்துக்கொண்டு ஆறே முக்காலுக்கு வீட்டில் விளக்கேற்றிவிடுவேன். ஒன்பது வயதில் நீ இந்தி வகுப்புக்குத் தனியாக நடந்துபோய் வந்தாய். நடுவில் தையல்காரரும் பூக்காரம்மாவும் உன்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள் என்பதால் எனக்குப் பயமில்லை. எங்கள் பேத்திக்கு ஒன்பது வயதாகும்போது அந்த மதில்களுக்கு நடுவே அவளைத் தனியாக அனுப்ப உன்னால் முடியுமா? பதினைந்து வயதிலும் அவளுக்கு ஓர் ஓட்டுநர் வேண்டியிருக்கும்.

ஓய்வு பெறுவதற்கு முன்பு அலுவலகத்தில் ஒரு பயிற்சி வகுப்பு நடத்தினார்கள். அதில் பேசியவர், 1997-இல் ராபர்ட் செர்வெரோ, காரா காக்கல்மன் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் எழுதிய கட்டுரையை விளக்கினார். மக்கள் எப்படிப் பயணம் செய்கிறார்கள் என்பதைக் குடியிருப்பின் செறிவு, பல பயன்பாடுகள் ஒரே பகுதியில் கலந்திருப்பது, தெருக்களின் அமைப்பு ஆகிய மூன்றும் சேர்ந்து பாதிக்கின்றன என்பது அதன் சாரம். அதே செர்வெரோ, ரீட் யூயிங் என்பவருடன் சேர்ந்து 2010-இல் அதுவரை வந்த பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, வெறும் செறிவுக்கு மற்றவர்கள் நினைத்த அளவு வலு இல்லை என்றும், போகவேண்டிய இடங்கள் எட்டும் தூரத்தில் இருப்பதும், தெருக்கள் ஒன்றோடொன்று அடிக்கடி சந்திப்பதும்தான் காரோட்டத்தைக் குறைத்து நடையைக் கூட்டுவதில் கூடுதல் பங்கு வகிக்கின்றன என்றும் கண்டார்கள். அன்று குறிப்பேட்டில் எழுதிவைத்ததன் பொருள் செவ்வாய்க்கிழமைதான் எனக்கு உறைத்தது. அந்தக் குடியிருப்பு பதினைந்து மாடி, ஒரு ஏக்கருக்கு நம் தெருவை விட அதிகக் குடும்பங்கள் அங்கே இருப்பார்கள். அப்படியிருந்தும் ஒரு கொத்துமல்லிக் கட்டுக்கு வண்டியை எடுக்க வேண்டும், ஏனென்றால் ஒரு மதிலுக்கு ஒரே வாயில், ஒரு தெருவுக்கு ஒரே முனை.

அந்தப் பக்கத்து நிலத்தின் அமைப்பும் இதற்குத் துணைபோகிறது. கிழக்கே பக்கிங்காம் கால்வாய், வடமேற்கே பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம், இடையிடையே ஏரிகள். தண்ணீருக்கு நடுவே ஒரு நீண்ட முதுகெலும்பாகப் பழைய மகாபலிபுரம் சாலை மட்டும் போகிறது. கால்வாயின் மறுகரையில் கிழக்குக் கடற்கரைச் சாலை கண்ணுக்குத் தெரிந்தாலும், சோழிங்கநல்லூரில் அக்கரைக்கு ஓர் இணைப்பு, அதை விட்டால் கேளம்பாக்கத்தில் கோவளத்துக்கு ஒன்று என்றுதான் பெரிய இணைப்புச் சாலைகள் இருக்கின்றன. எல்லா வண்டியும் ஒரே சாலையில் இறங்குவது இதனால்தான். மத்திய கைலாஷிலிருந்து சிறுசேரி வரை சுமார் இருபது கிலோமீட்டரை ஆறுவழிச் சாலையாக்கி 2008-இல் திறந்தபோது நெரிசல் தீர்ந்தது என்றுதான் நாங்களும் நம்பினோம். அகலமான சாலை இன்னும் தொலைவில் இன்னும் பல வயல்களை மனைகளாக்கியது, அங்கே குடிவந்தவர்கள் எல்லாரும் அதே சாலைக்கு வந்து சேர்ந்தார்கள். இதற்காகச் சதுப்பு நிலத்தைக் குறுக்கே வெட்டி இன்னும் சாலை போடுவது தீர்வாகாது. வெகுவாகச் சுருங்கிப்போன பிறகு அது 2022-இல்தான் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. தென்சென்னையின் மழைநீர் போய் நிற்க மிச்சமிருக்கும் இடம் அது. 2015 டிசம்பர் வெள்ளத்தை நாம் இருவரும் மறந்திருக்க மாட்டோம்.

மெட்ரோ வரப்போகிறதே என்று நீ சொல்வாய். மாதவரத்திலிருந்து சிறுசேரி வரையிலான வழித்தடத்தின் தென்பகுதி அந்தச் சாலையின் மேலேதான் வருகிறது, நானும் ஆவலோடு காத்திருக்கிறேன். ஆனாலும் உயரத் தூண்களின் மேல் ஓடும் பறக்கும் ரயிலை நாம் பார்த்தோம் அல்லவா? 1997-இல் திருமயிலை வரையும் 2007-இல் வேளச்சேரி வரையும் வந்தது. பெரிய பெரிய நிலையக் கட்டடங்களைக் கட்டினார்கள், அவற்றைச் சுற்றிக் கடையோ வெளிச்சமோ பேருந்து இணைப்போ சரியாக அமையாததால், பல நிலையங்களில் இருட்டிய பிறகு தனியாக இறங்கப் பெண்கள் தயங்கினோம். ரயில் எவ்வளவு விரைவாக ஓடினாலும், அந்த மதில்களுக்கு நடுவே முப்பத்தைந்து நிமிடம் நடந்துதான் நிலையத்தை அடைய வேண்டும் என்றால் நீ முதலில் காரில்தான் ஏறுவாய், ஏறிய பிறகு நிலையத்தில் எதற்கு இறங்கப் போகிறாய்?

நம் வீட்டில் பாத்திரம் தேய்த்துக்கொடுத்த அக்காவை உனக்கு நினைவிருக்கும். சைதாப்பேட்டை ஆற்றங்கரையிலிருந்து இருபது நிமிடம் நடந்து வருவார். வெள்ளத்துக்குப் பிறகு ஊருக்கு வெளியே பெரும்பாக்கத்தில் அவர்களுக்கு வீடு ஒதுக்கினார்கள். அடுத்த மாதமும் அவர் வேலைக்கு வந்தார், ஆனால் விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து, இரண்டு பேருந்து மாறி, ஏழரைக்கு மூச்சு வாங்க வந்து நிற்பார். பேருந்துக் கூலியே சம்பளத்தில் கால்வாசியைத் தின்றது. நான்கு வீடுகளில் இரண்டை விட்டார், பிறகு வருவதையே நிறுத்திவிட்டார். 2021 முதல் சாதாரணப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்பது அவரைப் போன்றவர்களுக்குப் பெரிய ஆறுதல்தான், ஆனால் அந்த மூன்று மணி நேரத்தை யாரும் திருப்பிக் கொடுக்கவில்லை. வசதி இருந்து தொலைவுக்குப் போகிறவர்கள் காரில் போகிறார்கள், தொலைவுக்கு அனுப்பப்பட்டவர்கள் தூக்கத்தை விட்டுக்கொடுக்கிறார்கள். அவருக்குத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பே இருக்கவில்லை. உனக்கு இருக்கிறது, அதனால்தான் இவ்வளவு வற்புறுத்துகிறேன்.

திருவான்மியூரில் எங்கள் பழைய அலுவலகத் தோழி குடியிருக்கும் கட்டடத்தில் ஒரு வீடு விலைக்கு வருகிறது. இரண்டே படுக்கையறைகள், இருபது ஆண்டு பழசு, விலையும் நீ பார்த்ததைவிடக் குறைவில்லை. உன் அலுவலகம் பன்னிரண்டு கிலோமீட்டராகிவிடும். ஆனால் பேருந்து நிலையமும் பறக்கும் ரயிலும் காய்கறிச் சந்தையும் மருத்துவரும் நடந்து போகும் தூரத்தில் இருக்கின்றன, மாப்பிள்ளைக்குக் கிண்டி பக்கம். அவருக்கு நாளுக்கு ஒரு மணி நேரம் மிச்சமாகிறது என்று வைத்துக்கொண்டால், ஆண்டுக்கு 240 வேலைநாள் கணக்கில் பத்து முழு நாட்கள், இரவும் பகலும் சேர்த்து, அவர் வீட்டில் இருப்பார். இரண்டாவது காரின் மாதத் தவணையையும் பெட்ரோலையும் காகிதத்தில் எழுதி இரண்டு வீட்டு விலைகளோடும் கூட்டிப் பார். இன்னொன்றும் உண்டு. உங்கள் துறையில் மூன்றாண்டுக்கு ஒரு முறை நிறுவனம் மாறுகிறீர்கள். சோழிங்கநல்லூரை நம்பி வாங்கிய வீடு, நாளை நீ அம்பத்தூருக்குப் போக நேர்ந்தால் என்ன செய்யும்? பல திசைகளுக்கும் வண்டி கிடைக்கும் இடத்தில் இருந்தால் அந்தக் கவலை குறையும்.

முடிவு உங்கள் இருவருடையது. அப்பாவும் நானும் அதில் தலையிட மாட்டோம். ஆனால் முன்பணம் கொடுப்பதற்கு முன் ஒரே ஒரு திங்கட்கிழமை விடுப்பு எடுத்துக்கொண்டு பெங்களூரிலிருந்து வா. ஞாயிற்றுக்கிழமை பார்த்தால் எந்தச் சாலையும் நன்றாகத்தான் இருக்கும். காலை எட்டு மணிக்குத் தாழம்பூர் வாயில்கதவிலிருந்து பேருந்து நிறுத்தம் வரை நடப்போம், அங்கிருந்து உன் அலுவலகம் வரை பேருந்தில் போவோம். மாலை ஆறு மணிக்குத் திருவான்மியூரில் அதே போல் நடந்து, சந்தையில் கீரை வாங்கிக்கொண்டு திரும்புவோம். பேத்தியையும் அழைத்து வா, அவள் காலுக்கும் அந்தத் தூரம் தெரியட்டும். வெயிலுக்கு இரண்டு குடைகளை எடுத்து வாசலில் மாட்டி வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
அம்மா