மீதி மாத்திரையை எடுத்து வைக்காதே, கமலா

பெரம்பூர், சென்னை-11

அன்புள்ள கமலா,

கடிதமும் பேத்தியின் போட்டோவும் கிடைத்தன. கண் அப்படியே உன் அம்மாவுடைய கண். சலங்கை கட்டிக்கொண்டு நிற்கிற நிற்பைப் பார்த்தால் இரண்டு வருஷத்தில் அரங்கேற்றம் வைத்துவிடுவாள் போலிருக்கிறது. இங்கே மழை விட்டபாடில்லை. கணேசபுரம் சுரங்கப்பாதையில் வழக்கம்போலத் தண்ணீர் நிற்கிறது, பஸ்ஸெல்லாம் சுற்றிக்கொண்டு போகின்றன. ஆனாலும் கடைக்குப் போய் வந்துகொண்டுதான் இருக்கிறேன். மழைக்காலத்தில் மருந்துக் கடையைப் பூட்ட முடியுமா?

கடைசியில் போகிறபோக்கில் மூன்று வரி எழுதியிருந்தாயே, அதைப் படித்ததும்தான் உனக்குப் போன் போட்டேன். நீர்க்கடுப்பு வந்தது, டாக்டர் நைட்ரோஃபுரான்டாய்ன் என்கிற ஆன்டிபயாட்டிக் மாத்திரையை ஏழு நாளைக்கு எழுதினார், இரண்டே நாளில் எரிச்சல் போய்விட்டது, மீதியை அடுத்த தடவைக்கு எடுத்து வைக்கலாம் என்று பார்க்கிறேன் என்கிறாய். நல்லவேளை, நான் கூப்பிட்டபோது நீ இன்னும் நிறுத்தியிருக்கவில்லை. நான் சொன்னதற்கு "சரி சரி" என்றாய். அந்தச் "சரி" எனக்குப் போதவில்லை. அதனால்தான் விவரமாக எழுதுகிறேன்.

எரிச்சல் நின்றது என்றால் கிருமி குறைந்திருக்கிறது என்று அர்த்தம். ஒழிந்துவிட்டது என்று அர்த்தமில்லை. எத்தனை நாள் சாப்பிட வேண்டும் என்பதை டாக்டர் எந்த இடத்தில் தொற்று, யாருக்கு வந்திருக்கிறது, எந்த மருந்து என்று பார்த்துத்தான் முடிவு செய்கிறார். வேறு கோளாறு இல்லாத ஒரு இளம்பெண்ணுக்கு இதே மாத்திரையை ஐந்து நாளோடு முடித்துவிடுவதும் உண்டு. உனக்குச் சர்க்கரை இருக்கிறது, வயதும் ஆகிவிட்டது, கொஞ்சம் கூடுதலாகத் தந்திருக்கிறார். நிறைய நாள் சாப்பிட்டால்தான் நல்லது என்று நான் சொல்லவில்லை. பல தொற்றுகளுக்கு முன்னைவிடக் குறைந்த நாளே போதும் என்று இப்போது மருத்துவர்களே சொல்கிறார்கள். ஏழு நாள் அதிகமோ என்று தோன்றினால் அவருக்குப் போன் செய்து கேள். குறைப்பதோ கூட்டுவதோ எழுதிக் கொடுத்தவர் செய்ய வேண்டிய வேலை.

எடுத்து வைக்கிற யோசனையில் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. இந்த மருந்து பெரும்பாலும் சிறுநீரில்தான் போய்ச் சேரும். சிறுநீர்ப்பையில் இருக்கும் கிருமியை அடிக்கும். சிறுநீரகத்திலும் ரத்தத்திலும் வேண்டிய அளவுக்குச் சேராது. அடுத்த தடவை தொற்று மேலே ஏறியிருந்தால், நீ பெட்டியிலிருந்து எடுத்துப் போட்டுக்கொள்கிற மாத்திரை அதைத் தொடவே தொடாது. குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல், விலாவுக்குக் கீழே முதுகுப் பக்கம் வலி, வாந்தி, இவற்றில் எது வந்தாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்விடு. இப்போது சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது வந்தாலும் அப்படித்தான். சர்க்கரைக்காரர்களுக்கு ஒரு நாள் தள்ளிப்போடுவதுகூடப் பெரிய விஷயம்.

சாப்பிடுகிற முறையையும் சொல்லிவிடுகிறேன். வெறும் வயிற்றில் போடாதே. இட்லியோ சாதமோ சாப்பிடும்போதே போட்டுக்கொள். குமட்டலும் குறையும், மருந்தும் நன்றாக உடம்பில் சேரும். சிறுநீர் கருமஞ்சளாக, சில சமயம் பழுப்பாகக்கூடப் போகும். அது மாத்திரையின் நிறம், பயந்துவிடாதே. வயிற்றெரிச்சலுக்கு வெள்ளையாக ஒரு மருந்து குடிப்பாயே, அதை இதோடு சேர்த்துக் குடிக்கலாமா என்று கேட்டுக்கொள். சில வகை அமில மாற்று மருந்துகள் இந்த மாத்திரையை உடம்பில் சேர விடாது. உனக்குக் கால் மரத்துப்போகிற தொந்தரவு ஏற்கெனவே உண்டு. அது கூடினாலோ, புதிதாக இருமலும் மூச்சுத் திணறலும் வந்தாலோ உடனே டாக்டரிடம் சொல். சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டுகிற கிரியேட்டினின் ரத்தப் பரிசோதனையைக் கடைசியாக எப்போது பார்த்தாய்? சிறுநீரகம் மிகவும் தளர்ந்தவர்களுக்கு இந்த மருந்து ஆகாது. டாக்டருக்கு உன் பழைய ரிப்போர்ட் தெரியுமா என்று கேட்டு உறுதி செய்துகொள்.

ஒரு வேளை மறந்துவிட்டால் ஞாபகம் வந்ததும் போட்டுக்கொள். அடுத்த வேளை நெருங்கிவிட்டதென்றால் விட்டுவிடு, சேர்த்து இரண்டாகப் போடாதே.

முதல் மாத்திரைக்கு முன்னாலேயே கல்ச்சருக்கு, அதாவது கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனைக்கு, சிறுநீர் கொடுத்துவிட்டாய் என்றாயே, அதைக் கேட்டு எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? மருந்து உள்ளே போன பிறகு கொடுத்தால் கிருமி சரியாக வளராது, ரிப்போர்ட்டை நம்ப முடியாது. வர இரண்டு மூன்று நாள் ஆகும். அதில் மருந்துகளின் பெயர் வரிசையாக இருக்கும், பக்கத்தில் எஸ் என்றோ ஆர் என்றோ போட்டிருப்பார்கள். எஸ் என்றால் அந்த மருந்துக்குக் கிருமி பணியும், ஆர் என்றால் பணியாது. உன் மாத்திரைக்கு எதிரே ஆர் இருந்தால் எரிச்சல் இல்லாவிட்டாலும் டாக்டரிடம் காட்டு.

போன வாரம் ஒரு பையன் கடைக்கு வந்தான். கல்லூரிப் பையன், நனைந்து போயிருந்தான், மூக்கு ஒழுகுகிறது. "அக்கா, செஃபிக்சைம் மூணு மாத்திரை குடுங்க, போன தடவை அதுலதான் கேட்டுச்சு" என்றான். அதுவும் ஆன்டிபயாட்டிக்தான். அட்டையை எடுத்துக் காட்டினேன். இடது ஓரத்தில் மேலிருந்து கீழாகச் சிவப்புக் கோடு. 2016இல் மத்திய சுகாதார அமைச்சகம் அதை மக்களுக்கு எடுத்துச் சொல்லத் தொடங்கியது. சீட்டு இல்லாமல் சாப்பிடக் கூடாது என்பதுதான் அந்தக் கோட்டுக்கு அர்த்தம். அப்புறம் எங்கள் ஷெட்யூல் எச்1 பதிவேட்டையும் திறந்து காட்டினேன். 2014 மார்ச்சில் வந்த விதி. செஃபிக்சைம் மாதிரி மருந்து விற்றால் எழுதிய டாக்டர், நோயாளி, மருந்து, அளவு எல்லாம் அதில் ஏற வேண்டும், மூன்று வருஷம் வைத்திருக்க வேண்டும். மூக்கு ஒழுகுகிற சளி வைரஸால் வருவது, இந்த மாத்திரை வைரஸை ஒன்றும் செய்யாது, காய்ச்சல் விடவில்லை என்றால் டெங்குவா என்று ரத்தம் பார் என்று சொல்லி அனுப்பினேன். முகம் சுருங்கித்தான் போனான். அடுத்த கடையில் வாங்கியிருப்பானோ என்று அன்றைக்கு முழுக்க மனசு அடித்துக்கொண்டது.

எனக்கு ஏன் இத்தனை பதற்றம் என்று கேட்பாய். ஆன்டிபயாட்டிக்கைக் கண்டபடி சாப்பிட்டால் கிருமிகள் அதற்குப் பணியாமல் போய்விடும். 2010இல் என்டிஎம்-1 பற்றி ஒரு ஆய்வுக் கட்டுரை வந்து உலகமே பேசியது, ஞாபகம் இருக்கிறதா? கடைசி ஆயுதம் என்று டாக்டர்கள் கையில் வைத்திருந்த கார்பபெனெம் என்கிற ஆன்டிபயாட்டிக் மருந்துகளையே உடைத்துப் போடும், கிருமிகள் உண்டாக்கும் நொதி அது. அந்த ஆய்வுக்காகச் சேகரித்த கிருமிகளில் நம் சென்னையிலிருந்து எடுத்தவையும் உண்டு. 2012இல் நாடு முழுவதிலுமிருந்து மருத்துவச் சங்கங்கள் இங்கே கூடி, ஆன்டிபயாட்டிக்கைக் கண்டபடி பயன்படுத்துவதை நிறுத்த என்னென்ன செய்யலாம் என்று திட்டம் வகுத்தார்கள். சென்னைப் பிரகடனம் என்று அதற்குப் பெயர். நம் ஊர்ப் பெயர் இந்த இரண்டிலும் இருப்பதை நான் மறப்பதே இல்லை.

எதிர்வீட்டு மாமியின் மகனுக்கு ஒரு வாரமாகக் காய்ச்சல். இடுப்பு மடிப்பில் கருப்பாக ஒரு பொருக்கு இருப்பதை டாக்டர்தான் கண்டுபிடித்தார். ஸ்க்ரப் டைஃபஸ், புதரில் இருக்கும் சின்னஞ்சிறு உண்ணி கடித்து வருவது. டாக்ஸிசைக்ளின் கொடுத்தார், காய்ச்சல் மளமளவென்று இறங்கியது. ஆனால் அவன் ராத்திரி ஒரு வாய்த் தண்ணீரோடு விழுங்கிவிட்டு அப்படியே படுத்திருக்கிறான். மாத்திரை உணவுக்குழாயில் ஒட்டிப் புண்ணாகி, எச்சில் விழுங்கக்கூட முடியாமல் தவித்தான். அந்த மருந்தை ஒரு டம்ளர் நிறையத் தண்ணீரோடு போட்டுவிட்டு அரை மணி நேரமாவது நிமிர்ந்து உட்கார்ந்திருக்க வேண்டும். இரும்புச் சத்து மாத்திரை, கால்சியம், பால் எதையும் அதோடு சேர்க்கக் கூடாது. பார், ஒவ்வொரு மருந்துக்கும் ஒரு வழிமுறை. உன் மாத்திரைக்கு நான் சொன்னது அவனுக்குப் பொருந்தாது, அவனுக்குச் சொன்னது உனக்குப் பொருந்தாது.

உன் தங்கைக்கு ஒருமுறை பென்சிலின் ஊசியில் உடம்பெல்லாம் தடித்துப் போனதே, அதை அவள் ஃபைலின் முதல் பக்கத்தில் பெரிதாக எழுதி வைக்கச் சொல். அமாக்ஸிசிலினும் அந்தக் குடும்பத்து மருந்துதான். உதடு வீங்குவது, மூச்சு வாங்குவது, தலை சுற்றிக் கீழே விழுவது என்று வந்தால் யோசிக்கவே கூடாது, 108தான். உனக்கும் சொல்கிறேன், இந்த மாத்திரை முடிந்து சில வாரம் கழித்துக்கூடத் தண்ணீராகப் பேதி போனாலோ ரத்தம் கலந்து போனாலோ நீயாகப் பேதி நிறுத்தும் மாத்திரை வாங்காதே. ஆன்டிபயாட்டிக் சாப்பிட்டேன் என்று டாக்டரிடம் சொல்.

மார்கழியில் வருகிறேன் என்றாயே, டிக்கெட் எடுத்துவிட்டாயா? மயிலாப்பூரில் இரண்டு கச்சேரியாவது சேர்ந்து கேட்க வேண்டும். என் முழங்கால் படி ஏற மறுக்கிறது, அதனால் கீழ்த்தளத்தில் இடம் பார்த்து வைக்கிறேன். ரிப்போர்ட் வந்ததும் ராத்திரி எட்டரைக்கு மேல் கூப்பிடு, கடை அடைத்துவிட்டு வந்திருப்பேன். எஸ், ஆர் எல்லாவற்றையும் ஒன்று விடாமல் வாசித்துக் காட்டு.

அன்புடன்,
விசாலம்