புதுக் கணினி வாங்குவதற்கு முன்

அன்புள்ள கண்ணு,

டிடிபி கடையின் மூன்று கணினியிலும் விண்டோஸ் 11 ஏறாது, புதிதாக வாங்கச் சொல்கிறார்கள் என்று எழுதியிருந்தாய். விண்டோஸ் 10-க்கு வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்தது உண்மைதான். ஆனால் இயந்திரம் கெட்டுப்போகவில்லையே! விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் 22 என்ற இலவச இயங்குதளத்தைப் போடலாம், அதற்கு 4 ஜிபி ராம் போதும். 2029 வரை பாதுகாப்புத் திருத்தங்கள் காசில்லாமல் வரும்.

ஆனால் லினக்ஸை முதலில் போடாதே. இப்போதுள்ள விண்டோஸிலேயே லினக்ஸிலும் ஓடும் இலவச மென்பொருள்களான லிப்ரே ஆபீஸ் (வேர்டு, எக்செல் வேலைக்கு), இங்க்ஸ்கேப் (படம் வரைய), கிம்ப் (புகைப்படம் திருத்த), ஸ்கிரைபஸ் (பக்கம் வடிவமைக்க) நான்கையும் ஏற்றி ஒரு மாதம் வேலை பாருங்கள். ஆட்களுக்குக் கை பழகும். எந்த வேலை நடக்காது என்பதும் அதற்குள் தெரிந்துவிடும்.

சிக்கல் பெரும்பாலும் எழுத்துருவில்தான் வரும். கலிப்ரி என்ற ஆங்கில எழுத்துருவில் வந்த ஃபைலை லினக்ஸில் லிப்ரே ஆபீஸ் கார்லிட்டோ என்ற எழுத்துருவில் காட்டும். இரண்டுக்கும் எழுத்தின் அகலம் ஒன்றே என்பதால் வரி உடையாது. தமிழில் அந்த வசதி இல்லை. விண்டோஸின் லதா எழுத்துருவில் அடித்தது லினக்ஸில் வேறு தமிழ் எழுத்துருவுக்கு மாறும், பக்கம் தள்ளிப்போகும். அச்சுக்கு வரும் வேலையைப் பிடிஎஃப்பாகவே கேட்டு வாங்கு. பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் அடித்த ஃபைல் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரிந்தால் பயப்படாதே. பாமினி எழுத்துருவை நிறுவினால் சரியாகிவிடும். புது வேலையை எல்லாம், எந்தக் கணினியிலும் தமிழாகவே தெரியும் யூனிகோடில் தொடங்கு.

ஸ்கிரைபஸ் 1.6 தான் வேண்டும். பழைய 1.4-இல் தமிழ்க் கொம்பும் காலும் இடம் மாறி நிற்கும். இங்க்ஸ்கேப் திரைக்கான ஆர்ஜிபி நிறத்தில் வேலை செய்வது. ஆஃப்செட்டுக்குப் போகும் வேலையை ஸ்கிரைபஸில் கொண்டுவந்து அச்சு மைகளுக்கான சிஎம்ஒய்கே நிறத்தில் பிடிஎஃப்பாக எடு. கோரல்டிரா ஃபைலை இங்க்ஸ்கேப் திறக்கும். ஆனால் எழுத்து நகரும், நிழல் விளைவுகள் போய்விடும். அந்த வேலை நிறைய வந்தால் ஒரு கணினியை மட்டும் விண்டோஸிலேயே விட்டு, அதற்கு இணையத்தைத் துண்டித்துவிடு. மூன்றையும் மாற்றியே தீருவேன் என்ற பிடிவாதம் வேண்டாம்.

பிறகு லினக்ஸ். 8 ஜிபி பென் டிரைவில் மின்ட்டை எட்சர் என்ற மென்பொருள் கொண்டு எழுதி, நிறுவாமல் அதிலிருந்தே இயக்கிப் பார். பிரிண்டரும் ஸ்கேனரும் ஓடினால்தான் மேற்கொண்டு போக வேண்டும். மலிவான லேசர் பிரிண்டர் சிலவற்றுக்கு லினக்ஸ் டிரைவர் சரியாக இருக்காது. பழைய ஹார்ட் டிஸ்க்கை அழிக்காதே. கழற்றிப் பத்திரமாக வைத்துவிட்டு 240 ஜிபி எஸ்எஸ்டியில் மின்ட்டைப் போடு, வேகமும் கூடும். கழற்றும் முன் டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கர் இருக்கிறதா பார்த்து, இருந்தால் மீட்புச் சாவியை எழுதி வை. விண்டோஸை விரைவாகத் தொடங்க வைக்கும் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்பையும் நிறுத்திவிடு, இல்லாவிட்டால் பின்னால் இணைக்கும்போது லினக்ஸ் அந்த டிஸ்க்கில் எழுத விடாது.

லினக்ஸில் தமிழ்த் தட்டச்சுக்கு ஐபஸ், எம்17என் என்ற மென்பொருள் இரண்டையும் நிறுவு. தமிழ்99, பழைய டைப்ரைட்டர் முறை இரண்டுமே அதில் உண்டு. ஆட்கள் புதிதாகக் கற்க வேண்டியதில்லை.

பழைய பக்க வடிவமைப்பு மென்பொருளான பேஜ்மேக்கரில் செய்த ஃபைல் நான்கைந்தை எனக்கு அனுப்பு. ஸ்கிரைபஸில் எந்த அளவுக்குத் திறக்கிறது என்று பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
அப்பா