விளையாட்டுப் பாடவேளையைத் திருப்பிக் கொடுங்கள்

மேல்நிலைப் பள்ளித் தலைமையாசிரியர்களுக்கும் நிர்வாகிகளுக்கும் வணக்கம்.

இருபத்திரண்டு ஆண்டுகள் பிளஸ் டூ கணக்கு நடத்தியவள் நான். காலை ஏழரை முதல் மாலை ஏழு வரை நீளும் கால அட்டவணைகளை நானும் எழுதியிருக்கிறேன். உடற்கல்வி ஆசிரியரிடம் விளையாட்டுப் பாடவேளையைக் கேட்டு வாங்கித் தொகை நுண்கணிதம் நடத்தியிருக்கிறேன். அந்த உரிமையில்தான் இதை எழுதுகிறேன்.

காலையில் பகுதித் தொகையிடல் கணக்கொன்றைத் தானாகவே கரும்பலகைக்கு வந்து போட்டுக் காட்டினாள் ஒரு மாணவி. அன்று மாலை ஆறரை மணிக்கு, அதே வகைக் கணக்கை மூன்று முறை படித்தும் பிடிபடாமல் உட்கார்ந்திருந்தாள். கவனம் எங்கே இருக்கிறது என்று எல்லார் முன்னிலையிலும் கடிந்துகொண்டேன். "கண் படிக்கிறது மிஸ், மனதில் ஏறவில்லை" என்றாள். சாக்குச் சொல்கிறாள் என்று நினைத்தேன். அவள் சொன்னது உண்மை என்று புரிய எனக்குப் பல ஆண்டுகள் ஆயின.

உடல் எடையில் சுமார் 2 விழுக்காடே உள்ள மூளை, நாம் சும்மா இருக்கும்போதும் உடலின் ஆற்றலில் ஏறக்குறைய 20 விழுக்காட்டை எடுத்துக்கொள்கிறது. கடினமான கணக்குப் போடும்போது அந்தச் செலவு கூடுவது சொற்பமே. எனவே மனவேலையால் வரும் களைப்பை எண்ணெய் தீர்ந்த விளக்காக நினைத்து, குளுக்கோஸ் கலக்கிக் கொடுத்து மறுபடி உட்கார வைப்பதில் பயனில்லை. ஆறு மணி நேரத்துக்கு மேல் கடினமான மனவேலை செய்தவர்களின் முன்மூளைப் பகுதியில் குளுட்டமேட் என்னும் வேதிப்பொருள் சேர்ந்திருந்ததைப் பாரிஸ் ஆய்வாளர்கள் 2022இல் கண்டார்கள். எளிய வேலை செய்தவர்களிடம் அப்படிச் சேரவில்லை. சோர்வுக்கு அது மட்டுந்தான் காரணமா என்பது இன்னும் ஆராயப்படுகிறது. ஆனாலும் மாணவி சொன்ன அந்த 'ஏறவில்லை' வெறும் சோம்பல் அல்ல.

டென்மார்க் பள்ளி மாணவர்களின் சுமார் 20 லட்சம் தேர்வு முடிவுகளை அலசிய ஆய்வு ஒன்று 2016இல் வெளிவந்தது. தேர்வு ஒவ்வொரு மணி நேரம் தள்ளிப்போகும்போதும் மதிப்பெண் சிறிது குறைந்தது. தேர்வுக்கு முன் இருபது, முப்பது நிமிட இடைவேளை கிடைத்தால் கூடியது. அதில் என்னை உலுக்கியது வேறொன்று. இடைவேளையால் அதிகம் பயன்பெற்றவர்கள் குறைந்த மதிப்பெண் வாங்கும் பிள்ளைகள். நாமோ அவர்களுக்கு 'மெல்லக் கற்போர்' என்று பெயர் வைத்து, மற்றவர்கள் வீட்டுக்குப் போன பிறகும் இருத்தி வைக்கிறோம். யாருக்கு ஓய்வு அதிகம் தேவையோ அவர்களிடமிருந்தே அதைப் பிடுங்குகிறோம்.

தேர்ச்சி விழுக்காட்டுக்காக மேலிடத்திலிருந்து வரும் நெருக்கடி எனக்குத் தெரியாததல்ல. சிறப்பு வகுப்பையே நிறுத்தச் சொல்லவில்லை. கடைசி மணி அடித்ததும் அரை மணி நேரம் பிள்ளைகளை மைதானத்தில் விடுங்கள். கையில் புத்தகம் வேண்டாம். அதன் பிறகு ஒரு மணி நேரம் நடத்துங்கள், போதும். மெல்லக் கற்போருக்கான வகுப்பை மாலையிலிருந்து காலை முதல் பாடவேளைக்கு மாற்றுங்கள். விளையாட்டுப் பாடவேளையை எந்தப் பாட ஆசிரியர் கேட்டாலும், என்னைப் போல் எவ்வளவு கெஞ்சிக் கேட்டாலும், கொடுக்காதீர்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணித ஆசிரியை ஒருவர்