இளம் வழக்கறிஞர்களே, கூட்டத்துக்கு வாருங்கள்

மலேசிய வழக்கறிஞர் மன்றத்தின் இளைய உறுப்பினர்களுக்கு வணக்கம்.

புத்ராஜெயா ஊர்வலப் படங்களைப் பார்த்திருப்பீர்கள். நீதிபதி நியமனத்தில் தரகு வேலை நடந்ததாகக் காட்டிய காணொளி வெளிவந்த ஒரே வாரத்தில், 2007 செப்டம்பர் 26 அன்று, சுமார் 2,000 வழக்கறிஞர்கள் நீதி மாளிகையிலிருந்து பிரதமர் அலுவலகத்துக்கு நடந்தார்கள். பேருந்துகளைப் போலீஸ் மறித்ததும் இறங்கி நடந்தே வந்து சேர்ந்தவர்கள் உண்டு. தலைமை தாங்கியவர் அப்போதைய மன்றத் தலைவர் அம்பிகா சீனிவாசன். அதன் பிறகுதான் அரச விசாரணை ஆணையம் அமைந்தது. 2009-இல் நீதிபதிகள் நியமன ஆணையச் சட்டமும் வந்தது.

ஊர்வலம் எல்லார் கண்ணிலும் படும். மன்றத்தின் பொதுக்கூட்டத்தை யாரும் படம் பிடிப்பதில்லை. ஆனால் அரசாங்கம் அதிகம் பயந்தது அந்தக் கூட்டத்துக்குத்தான் என்பது என் எண்ணம்.

1977-இல் பினாங்கில் 14 வயதுப் பையன் ஒருவனுக்கு, துப்பாக்கி வைத்திருந்ததற்காக, மரண தண்டனை விதித்தார்கள். பாதுகாப்பு வழக்குகளுக்கான அவசரகால விதிகள் அப்படி. (பிறகு தண்டனை குறைக்கப்பட்டது.) அந்த அக்டோபரில் மன்றம் கூடி, இந்த விதிகளின்கீழ் நடக்கும் வழக்குகளில் ஆஜராக வேண்டாம் என்று உறுப்பினர்களைக் கேட்டுக்கொண்டது. அப்படியானால் கூண்டில் நிற்பவனுக்கு யார் பேசுவது? எனக்கு இதில் இன்றும் இரண்டு மனதுதான்.

அரசாங்கத்தின் பதில் சட்டத்திருத்தமாக வந்தது. ஏழு ஆண்டு அனுபவம் இல்லாதவர் மன்றத்தின் நிர்வாகக் குழுவில் இருக்கக் கூடாது என்றார்கள், அதாவது உங்களைப் போன்றவர்கள். பொதுக்கூட்டம் செல்லுபடியாக மொத்த உறுப்பினர்களில் ஐந்தில் ஒரு பங்கினர் வர வேண்டும் என்றும் ஆக்கினார்கள். தொலைவில், கோத்தா பாருவில் வழக்கு வைத்திருப்பவர் அதை விட்டுவிட்டுக் கோலாலம்பூர் வருவாரா? யாரையும் சிறையில் போடாமலே வாயை அடைக்கிற வழி அது.

ஆளைக் குறிவைத்ததும் உண்டு. கொலை வழக்கில் தூக்குத் தண்டனை பெற்ற முன்னாள் அமைச்சருக்குக் கருணை கிடைத்தது. துப்பாக்கி வைத்திருந்த சாதாரணக் கைதிக்குக் கிடைக்கவில்லை. இதைச் சுட்டிக்காட்டி 1985-இல் மன்னிப்பு வாரியத்துக்கு வேண்டுகோள் விடுத்த வழக்கறிஞர் பரம் குமாரசாமிமீது தேச நிந்தனை வழக்கு போட்டார்கள். அவர் விடுதலையானார். அப்புறம் மன்றத்தின் தலைவரும் ஆனார்.

ஏழு ஆண்டு விதி 2006-இல்தான் போனது. கூட்டத்துக்கு 500 பேர் போதும் என்றும் ஆனது. சும்மா கிடைத்ததல்ல அது. ஏறக்குறைய முப்பது வருடம் கேட்டுக் கேட்டு வாங்கியது. 2016-இல் மறுபடியும் அந்த எண்ணில் கைவைக்கப் பார்த்தார்கள். இந்த முறை உறுப்பினர்களில் கால்வாசி, அதாவது 4,000 பேருக்கு மேல். அமைச்சர் நியமிக்கும் ஆட்களும் குழுவில் உட்காரலாம் என்றார்கள். மன்றம் எதிர்த்து நின்றது, திட்டம் நிறைவேறவில்லை.

இன்று நீங்கள் 20,000 பேருக்கு மேல் இருக்கிறீர்கள். வருகிற மார்ச் ஆண்டுக்கூட்டத்துக்கு ஒருநாள் ஒதுக்குங்கள். உங்கள் சீனியர் முகம் சுளித்தால், அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். தீர்மானங்களை முன்கூட்டியே படித்துவிட்டுப் போங்கள். எதிர்த்து வாக்களித்தாலும் சரி.

இப்படிக்கு,
வழக்கறிஞர் அலுவலகம் ஒன்றில் பல காலம் வேலை பார்த்தவன்