இரண்டு பட்டியலிலும் இல்லாத பெட்டி

அம்மு,

நீ அனுப்பிய இரண்டு பட்டியலும் வந்தன. உன் பலகை ஆட்டப் பெட்டிகளில் ஒன்று விற்க வேண்டியவை, இன்னொன்று உனக்கு அனுப்ப வேண்டியவை. நலமா என்றுகூட ஒரு வரி இல்லை. சரி, வேலை அதிகமாக இருக்கும். நானும் நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

விற்பதற்கு முன் எண்ணிப் பார்க்கச் சொல்லியிருந்தாய். எண்ணினேன். கேட்டானில் அறுகோண அட்டை 19, எண் வில்லை 18, வளச் சீட்டு 95, வளர்ச்சிச் சீட்டு 25, எல்லாம் இருக்கின்றன. நிறத்துக்கு 15 சாலை, 5 வீடு, 4 நகரம் வர வேண்டும். சிவப்பு, நீலம், வெள்ளை மூன்றும் சரி. ஆரஞ்சில் ஒரு வீடு குறைகிறது. அதன் இடத்தில் அந்தச் சட்டைப் பொத்தான்தான் கிடக்கிறது. இதை முழு செட் என்று சொல்லி எப்படி விற்பது? வாங்குகிறவர் பொத்தானை எடுத்துப் பார்த்து, இது என்ன சார் என்று கேட்டால் நான் என்ன சொல்வது? அதனால் கேட்டானை இப்போதைக்குத் தனியாக எடுத்து வைத்திருக்கிறேன். விற்கவில்லை.

மற்றவற்றையும் எண்ணிவிட்டேன். கார்கசோனில் 72 அட்டையும் இருக்கின்றன. டிக்கெட் டு ரைடில் ஒரு நீல ரயில் பெட்டி உடைந்திருக்கிறது, ஒட்டிவிடலாம். டிக்ஸிட், கோட்நேம்ஸ் இரண்டும் புதிது மாதிரியே இருக்கின்றன, நீ சீட்டுக்கெல்லாம் ஸ்லீவ் என்கிற பிளாஸ்டிக் உறை போட்டு வைத்த புண்ணியம். யாருக்கு அந்தப் பொறுமை வரும்? சித்தப்பா வீட்டில் சீட்டுக்கட்டை ரப்பர் பேண்ட் போட்டு வைத்து, ரப்பர் உருகி ஒட்டி, மேல் சீட்டும் கீழ்ச் சீட்டும் வளைந்து போனதைப் பார்த்து அந்த வயதிலேயே நீ போட்ட சத்தம் எனக்கு நினைவிருக்கிறது. ஸ்லீவிலும் ஒரே அளவு எல்லாவற்றுக்கும் ஆகாது என்பது எனக்கு இப்போதுதான் தெரியும். ஸ்கேல் வைத்து அளந்தேன். கேட்டான் சீட்டு 54க்கு 80 மில்லிமீட்டர், விங்ஸ்பான் சீட்டு 57க்கு 87. நீ இதையெல்லாம் பார்த்துப் பார்த்து வாங்கியிருக்கிறாய்.

பெட்டிகளைப் பிரித்து அடுக்கும்போது பக்கவாட்டில் அச்சடித்திருக்கும் எண்கள் கண்ணில் பட்டன. விற்க வேண்டிய குவியலில் கேட்டான் 3 முதல் 4 பேர், டிக்ஸிட் 3 முதல் 6, கார்கசோன் 2 முதல் 5, டிக்கெட் டு ரைடும் அப்படியே. அனுப்ப வேண்டிய குவியலில் விங்ஸ்பான் 1 முதல் 5, ஸ்பிரிட் ஐலண்ட் 1 முதல் 4, மேஜ் நைட் 1 முதல் 4. ஃபிரைடே பெட்டியில் 'முதல்' கூட இல்லை, வெறும் 1. பாண்டமிக்கை எடுத்தேன், 2 முதல் 4 என்று போட்டிருந்தது. எனக்குக் கொஞ்சம் சந்தோஷமாக இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். அப்புறம் அம்மாதான் சொன்னாள், இரண்டு பாத்திரத்தையும் நீயே வைத்துக்கொண்டு ஆடுவாயாம். அதில் ஒருவர் சீட்டை இன்னொருவருக்குக் கொடுக்க இரண்டு பேரும் ஒரே ஊரில் நிற்க வேண்டும் என்று நீதானே எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தாய். வலது கையிலிருந்து இடது கைக்கா கொடுக்கிறாய்?

நான் எதுவும் கேட்கவில்லை. கேட்கக் கூடாது என்று அம்மா சொல்லியிருக்கிறாள். பட்டியலைப் பற்றி மட்டும்தான் எழுதுகிறேன்.

தனியாக ஆடுவதைக் குறைவாக நினைக்கிறேன் என்று எண்ணிவிடாதே. கட்டுவதற்கு முன் ஃபிரைடேயைப் பிரித்து ஆடிப் பார்த்தேன். 2011இல் ஃப்ரீடமான் ஃப்ரீஸ செய்தது. தீவில் ராபின்சன் மாட்டிக்கொண்டிருக்கிறான், நாம் அவனுக்கு உதவுகிற ஃபிரைடே. முதலில் ஒவ்வொரு ஆபத்தையும் எப்படியாவது ஜெயித்துவிட வேண்டும் என்று ஆடினேன். ஜெயித்துக்கொண்டேதான் இருந்தேன், ஆனால் கடற்கொள்ளையர் வரும் நேரத்தில் என் சீட்டுக்கட்டில் உதவாத சீட்டுகள் எல்லாம் அப்படியே இருந்தன. அப்புறம்தான் புரிந்தது. சண்டையில் தோற்றால்தான் உயிரைக் கொடுத்து மோசமான சீட்டைக் கழிக்க முடியும். சின்னச் சண்டையில் வேண்டுமென்றே தோற்க வேண்டும். இதை எந்த இடத்தில் செய்வது, எவ்வளவு உயிரை மிச்சம் வைப்பது, அங்கேதான் ஆட்டமே இருக்கிறது. நல்ல ஆட்டம். இரவு வெகுநேரம் விளக்கு எரிந்துகொண்டிருந்தது, அம்மா வந்து திட்டினாள்.

விங்ஸ்பானையும் பிரித்தேன். எலிசபெத் ஹார்கிரேவ் செய்தது, 170 பறவை, ஒன்று போல இன்னொன்று இல்லை. சீட்டின் அடியில் பறவையைப் பற்றி எழுதியிருப்பதைப் படிக்கவே பாதி நேரம் போய்விடுகிறது. எதிரில் ஆளுக்குப் பதிலாக ஆட்டோமா. அது யோசிப்பதில்லை, சீட்டு சொன்னதைச் செய்கிறது, அவ்வளவுதான். ஆனால் நான் கண் வைத்திருந்த பறவையை என் முறை வருவதற்குள் தூக்கிவிடுகிறது. இந்த ஆட்டோமா முறையை உருவாக்கிய மார்ட்டன் மோன்ராட் பெடர்சன் என்ற டென்மார்க்காரர் அதைத்தான் யோசித்திருக்கிறார். எதிராளியின் மூளையைச் செய்ய வேண்டாம், எதிராளியால் நமக்கு வருகிற தொல்லையை மட்டும் செய்தால் போதும் என்று. கெட்டிக்காரர். தொல்லை நன்றாகவே வருகிறது. கோபத்தில் இரண்டு வார்த்தை சொல்லியும் பார்த்தேன், அது பதில் பேசவில்லை. கேட்டானில் உன் சாலையை யாராவது மறித்தால் நாற்காலியை விட்டு எழுந்து நின்று நீ போடும் சண்டை இருக்கிறதே!

தனி ஆட்டம் என்பது இன்று நேற்று வந்ததில்லை என்பதும் எனக்குத் தெரியும். 1697இல் பிரான்சில் அச்சான ஒரு படத்தில் ஒரு சீமாட்டி பக்கத்தில் சாலிடேர் பலகையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். 33 குழிப் பலகையும் 32 முளையும் நம் வீட்டிலேயே இருந்ததே, ஒன்றை ஒன்று தாண்டித் தாண்டிக் கடைசியில் ஒன்றை மட்டும் விட்டுவைக்க வேண்டும். அவ்வளவு தூரம் எதற்கு, பல்லாங்குழியிலேயே சீதைப் பாண்டி என்று ஒன்று உண்டு. ஒரே ஆள் ஆடுவது. ஆத்தா மத்தியான நேரத்தில் அதைத்தான் ஆடிக்கொண்டிருப்பாள், கூட ஆள் வேண்டும் என்று யாரையும் கூப்பிட்டதில்லை. அசோகவனத்தில் சீதை தனியாக ஆடிய ஆட்டம், அதனால் அந்தப் பெயர் என்பாள்.

எழுதி முடித்த பிறகுதான் உறைக்கிறது. சிறையில் இருந்தவள் ஆடியதைக் கொண்டுவந்து உனக்கு உதாரணம் காட்டுகிறேன். பேனாவில் எழுதியாயிற்று, கிழித்தால் முழுத் தாளும் போகும். அம்மாவிடம் இந்தப் பக்கத்தைக் காட்டப் போவதில்லை.

நான் சொல்ல வந்தது என்னவென்றால், கேட்டானை விற்க வேண்டாம். இடம் அடைக்கிறது என்பது ஒரு காரணமா? இங்கே யாருக்கு இடைஞ்சல்? உன் அலமாரியில் அது இருந்த இடத்தில் நான் வேறு எதையும் வைக்கப் போவதில்லை. அதைச் செய்த கிளாஸ் டாய்பர் பல் கட்டும் கூடத்தில் வேலை பார்த்தவர். வேலை முடிந்து வந்து வீட்டின் கீழ்த்தளத்தில் ஆட்டம் செய்துகொண்டிருப்பார், பெண்டாட்டி பிள்ளைகளை உட்காரவைத்து ஆடிப் பார்ப்பார். அப்படி வந்த ஆட்டம் 1995இல் ஜெர்மனியில் அந்த ஆண்டின் சிறந்த ஆட்டம் என்ற விருதை வாங்கியது. பாதி ஆட்டம் பேச்சுதான். எனக்கு ஒரு செங்கல் கொடு, உனக்கு இரண்டு ஆடு தருகிறேன் என்று கேட்க எதிரில் ஆள் வேண்டும். ஏழு விழுந்து திருடனை எடுத்து யார் நிலத்தில் வைப்பது என்று ஒவ்வொருவர் முகமாகப் பார்ப்பாயே, அதை எந்தச் சீட்டு செய்யும்? அந்த விதிப் புத்தகம் முழுவதையும் நீ ஒரே தாளில் தமிழில் எழுதி வைத்திருந்தாயே, அது இன்னும் பெட்டிக்குள் இருக்கிறது. அம்மா, மாமா, எதிர்வீட்டுப் பிள்ளைகள் எல்லாரும் அந்தத் தாளைப் பார்த்துத்தான் கற்றுக்கொண்டார்கள். புத்தகத்தைப் படித்து நான்கூடக் கற்றுக்கொண்டிருக்க மாட்டேன். இப்படிச் சொல்லிக்கொடுக்கத் தெரிந்தவளுக்கு எதிரில் உட்கார நாலு பேர் கிடைக்காமல் போவார்களா? உன் ஆபீசில் ஒருவரும் இல்லையா? ஒருவர் இருந்தாலும் கார்கசோன் ஆடலாம், 2 என்று போட்டிருக்கிறது. அதையும் அனுப்பி வைக்கட்டுமா?

சரி, அனுப்ப வேண்டியவற்றைப் பற்றி. கனமான பெட்டிகளைக் கீழே படுக்க வைத்து, லேசானவற்றை மேலே வைத்துக் கட்டுகிறேன். நீயும் அங்கே அப்படியே வை. நிமிர்த்தி வைத்தால் பார்க்க அழகாகத்தான் இருக்கும், உள்ளே டோக்கன் எல்லாம் ஒரு பக்கமாகச் சரிந்து மூடி பிதுங்கும். ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டிருக்கிறேன், தூக்கி எறிந்துவிடாதே. ஜன்னல் வெயில் படுகிற இடத்தில் வைக்காதே, அட்டை வெளுத்துவிடும். இரவில் தூங்கு. ஆட்டம் பாதியில் நின்றால் நின்றுவிட்டுப் போகட்டும், ஆட்டோமா காத்திருக்கும், அதற்கு எங்கே போகிற அவசரம்.

இன்னொன்று. இரண்டு பட்டியலையும் பலமுறை பார்த்துவிட்டேன், இரண்டிலும் க்ளூம்ஹேவன் இல்லை, ஒரே குழு கதை மாதிரித் தொடர்ந்து ஆடிக்கொண்டே போகிற அந்த ஆட்டம். அது மறந்துபோகிற பெட்டியா? கிட்டத்தட்டப் பத்துக் கிலோ, அலமாரியின் அடித்தட்டு முழுவதும் அதுதான். 1 முதல் 4 என்றுதான் அதிலும் இருக்கிறது, அனுப்பு என்று எழுதியிருக்கலாம். வேண்டாம் என்றால் விற்க என்று எழுதியிருக்கலாம். விற்பதும் கஷ்டம்தான். வரைபடத்தில் ஒட்டிய ஸ்டிக்கரை எடுக்க முடியாது, ஆடி முடித்த ஊர்கள் எல்லாம் குறித்திருக்கின்றன. 95 ஆட்டத்தில் பாதிகூட முடியவில்லை. பிரிக்காத பாத்திரப் பெட்டிகள் சீல் வைத்தபடியே இருக்கின்றன. குழுவின் பெயர் எழுதிய தாளில் உன் கையெழுத்து ஒரு பக்கம், இன்னொரு கையெழுத்து ஒரு பக்கம். நான் படிக்கவில்லை. பார்த்தேன், மடித்து இருந்த இடத்திலேயே வைத்துவிட்டேன்.

அதை என்ன செய்வது என்று நீதான் சொல்ல வேண்டும். அவசரமில்லை. அந்தப் பிள்ளை இங்கே வந்திருந்தபோது நான் முகம் கொடுத்துப் பேசவில்லை என்று உனக்கு ஒரு வருத்தம் இருந்தது. ஆட்டத்தில் நியாயமாக ஆடினவன் என்பதை மட்டும் எப்போதும் சொல்வேன். ஜெயிக்கிற நேரத்திலும் உனக்கு மரம் கொடுத்தான். பொத்தானும் அவன் சட்டையிலிருந்து பிய்த்துக் கொடுத்ததுதானே.

செய்தி எழுத இடமில்லாமல் போய்விட்டது. அம்மாவின் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, சொட்டு மருந்து மட்டும் போடுகிறாள். மாமா வீடு மாறிவிட்டார். தம்பி தேர்வு எழுதியிருக்கிறான், எப்படி எழுதினான் என்று அவனிடம் நீயே கேள், என்னிடம் சொல்ல மாட்டேன் என்கிறான்.

கடைசியாக விங்ஸ்பானில் ஒரு சந்தேகம். இளஞ்சிவப்புப் பட்டை போட்ட பறவைகள் இருக்கின்றனவே, மற்றவர் முறையில் வேலை செய்கிறவை, ஆட்டோமா ஆடும்போதும் அவை வேலை செய்யுமா? செய்தால் நான் போட்டிருந்த மூன்று பறவையும் ஆட்டம் முழுக்கச் சும்மா உட்கார்ந்திருந்தன, நான் தோற்றது செல்லாது. புத்தகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன், பிடிபடவில்லை. மெசேஜில் எழுதினால் எனக்குப் புரியாது, கட்டை விரல் படம் அனுப்பினால் சுத்தமாகப் புரியாது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் போன் செய்து சொல். அதற்குப் பிறகுதான் விங்ஸ்பானைக் கட்டுவேன், அது வராமல் மற்றப் பெட்டிகளும் கிளம்பாது.

அப்பா