குவாத்தமாலாவில் பஸ் ஏறப் பயப்பட வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

மத்திய அமெரிக்க நாடான குவாத்தமாலாவைப் பற்றிக் கடந்த ஞாயிறு உங்கள் பயணப் பக்கத்தில் வந்த கட்டுரையை வாசித்தேன். எரிமலைகளைப் பற்றி எழுதியது நன்றாகவே இருந்தது, ஆனால் உள்ளூர் பஸ்களில் வெளிநாட்டவர் ஏறவே கூடாது, ஹோட்டல்காரர் ஒழுங்கு செய்து தரும் சுற்றுலா வான் வண்டியில் மட்டும்தான் போக வேண்டும் என்று ஒரே வரியில் எழுதி முடித்துவிட்டார்கள், அதைப் பார்த்துவிட்டுப் பேசாமல் இருக்க எனக்கு மனம் வரவில்லை. அந்த வரியை வாசித்த எத்தனை பேர் இது நமக்குக் கட்டுபடியாகாத ஊர் என்று பக்கத்தைப் புரட்டியிருப்பார்களோ தெரியாது.

நானும் கணவரும் ஓய்வூதியத்தில் வாழ்கிறவர்கள். டொரொன்டோவில் இருக்கும் தங்கையிடம் போனபோது, இவ்வளவு தூரம் வந்துவிட்டோம், இன்னும் கொஞ்சம் கீழே இறங்கிப் பார்ப்போமே என்றுதான் குவாத்தமாலாவுக்குப் போனோம். அங்கே பெரும்பாலும் ஊர்ச்சனம் போகிற பஸ்ஸில்தான் போனோம். கட்டுரையாளர் ஏறாதே என்கிற அதே பஸ்தான்.

காசுக் கணக்கை முதலில் சொல்கிறேன், ஏனென்றால் கட்டுரையில் அது அறவே இல்லை. அந்த ஊர்க் காசுக்குக் கெட்சால் என்று பெயர், நாங்கள் போனபோது ஒரு டொலருக்கு ஏழே முக்கால் கெட்சால் அளவில் கிடைத்தது, நம் இலங்கைக் காசுக்கு ஒரு கெட்சால் நாற்பது ரூபா அளவில். பழைய தலைநகரான ஆன்டிகுவாவிலிருந்து அதித்லான் ஏரிக்கரையில் இருக்கும் பனஹாச்செலுக்குப் போக வான்காரர் ஆளுக்கு இருபது டொலர் அளவில் கேட்டார், அதாவது ஆறாயிரம் ரூபா. பஸ்ஸில் போனால் ஆன்டிகுவா சந்தைக்குப் பின்னால் ஏறி, சிமால்தெனாங்கோவில் இறங்கி, அங்கே பெருந்தெருவில் மேற்கே போகிற பஸ்ஸைப் பிடித்து லொஸ் என்குவென்ட்ரோஸ் சந்தி, பிறகு சொலொலா, பிறகு கீழே ஏரிக்கரை என்று நாலு பஸ் மாற வேண்டும். எல்லாம் சேர்த்து ஐம்பது கெட்சாலைத் தாண்டவில்லை, கூடிப் போனால் இரண்டாயிரம் ரூபா. நேரம் கொஞ்சம் கூடத்தான் போகும். ஆனால் இரண்டு பேருக்கு, போக வர என்று கணக்குப் போட்டுப் பாருங்கள், மிச்சம் பிடிக்கிற காசில் அங்கே இன்னும் சில நாள் தங்கலாம்.

அந்த பஸ்கள் அமெரிக்காவில் பள்ளிப் பிள்ளைகளை ஏற்றித் திரிந்தவை. அங்கே தேவையில்லை என்றானதும் வாங்கி, மெக்சிகோ வழியாக ஓட்டிக் கொண்டுவந்து, பட்டறையில் போட்டு, கூரையில் பொதி ஏற்றக் கம்பியடித்து, பின்னால் ஏணி வைத்து, சிவப்பும் பச்சையும் நீலமுமாக வர்ணம் பூசி, முன்கண்ணாடிக்கு மேலே ஊர்ப் பெயரைப் பெரிதாக எழுதி ஓட விடுகிறார்கள். சிலதில் உள்ளே அமெரிக்கப் பள்ளி ஒட்டிய ஆங்கில அறிவிப்புகள் இன்னமும் அப்படியே இருக்கும். வெளிநாட்டுப் பயணிகள் இதைச் சிக்கன் பஸ் என்பார்கள், அந்த ஊரார் கமியோனெத்தா என்பார்கள். இருக்கையெல்லாம் பிள்ளைகளின் அளவுக்குச் செய்தது, அதில் பெரியவர்கள் மூன்று பேர் உட்காருகிறார்கள், நடைபாதைப் பக்கம் இருப்பவருக்குப் பாதி உடம்புதான் சீட்டில் இருக்கும், மீதி வெளியில். ஆனால் எதிர்வரிசையில் இருப்பவருக்கும் அதே நிலைதான், இருவருடைய தோளும் நடுவில் முட்டிக்கொண்டு நிற்கும், வளைவு வரும்போது ஒருவரை ஒருவர் தாங்கிக்கொள்வார்கள். என் பக்கத்தில் இருந்த அம்மா, நெய்த மேற்சட்டையும் பாவாடையுமாக மடியில் கூடையோடு இருந்தவர், நான் சரிந்த ஒவ்வொரு முறையும் ஒன்றும் பேசாமல் கையை நீட்டிப் பிடித்துக்கொண்டே வந்தார். அந்த மனிதத்தன்மையை ஏசி வானில் எங்கே பார்ப்பது?

நடத்துநரைப் பற்றியும் சொல்ல வேண்டும். அங்கே அவருக்கு அயுதாந்தே என்று பெயர், பெரும்பாலும் இளம் பொடியன்கள். வாசலில் தொங்கியபடி ‘குவாத்தே, குவாத்தே’ என்று கத்தி ஆள் சேர்ப்பார்கள், புறக்கோட்டையில் பஸ் ஏறி வளர்ந்த நமக்கு அதில் புதிதாக ஒன்றுமே இல்லை. டிக்கெட் கிடையாது. எல்லோரும் ஏறி பஸ் வேகம் பிடித்த பிறகு, அந்த நெரிசலுக்குள் நுழைந்து வந்து காசு வாங்குவார்கள், நோட்டுகளை நீளவாக்கில் மடித்து விரலிடுக்கில் செருகியிருப்பார்கள், யார் எங்கே ஏறினார், யாருக்கு மிச்சக்காசு கொடுக்க வேண்டும் என்பதெல்லாம் மனதில்தான் இருக்கும். ஒரு பொடியன் ஓடுகிற பஸ்ஸில் பின்னேணி வழியே கூரைக்கு ஏறி, அடுத்த ஊரில் இறங்க வேண்டிய மூட்டைகளை அவிழ்த்து வைத்துவிட்டு, பின்கதவால் உள்ளே வந்து ஒன்றும் நடக்காதது போல எனக்கு மிச்சக்காசைத் தந்தான். பார்க்கவே வயிற்றைக் கலக்கியது. இருபது வயதுகூட இருக்காது, யாராவது அவனுக்கு அதைச் செய்யாதே என்று சொல்ல வேண்டும்.

இனி ஆபத்து பற்றி. கட்டுரையாளர் காரணமில்லாமல் பயந்தார் என்று நான் சொல்ல வரவில்லை. குவாத்தமாலா நகரத்துக்குள் ஓடும் பழைய பஸ்களில் கும்பல்கள் சாரதிகளிடம் கப்பம் கேட்பதும், கொடுக்காதவர்களைச் சுடுவதும் பல வருடமாக நடந்துவரும் கொடுமை. அந்த நகர பஸ்களில் நாங்கள் ஏறவில்லை, யாரையும் ஏறச் சொல்லவும் மாட்டேன், அங்கே 2007இலிருந்து தனிப்பாதையில் ஓடும் டிரான்ஸ்மெட்ரோ பஸ் சேவை இருக்கிறது. இருட்டிய பிறகு ஊர்விட்டு ஊர் போவதும் கூடாது. கைப்பையைக் கூரையில் போடக் கூடாது. அடுத்தது வேகம், மலைவளைவுகளில் முந்துவதைப் பார்த்தால் கும்பிட்ட கை இறங்காது. 2025 பெப்ரவரி 10ஆம் திகதி தலைநகரில் ஒரு பஸ் பாலத்திலிருந்து விழுந்து 50 பேருக்கு மேல் இறந்தார்கள். அதே வருடம் மே 11ஆம் திகதி நம்முடைய கொத்மலையில் பஸ் பள்ளத்தில் பாய்ந்து 20 பேருக்கு மேல் போனதை நாம் மறந்திருக்க மாட்டோம். அதற்காக மலையகத்துக்கு பஸ்ஸே ஏறாதீர்கள் என்று உங்கள் பத்திரிகை எழுதவில்லையே, பஸ்ஸைச் சரியாகப் பரிசோதியுங்கள், சாரதிக்கு ஓய்வு கொடுங்கள் என்றுதானே எழுதியது? வேறொரு நாட்டைப் பற்றி எழுதும்போதும் அந்த நியாயம் வேண்டும். எந்த பஸ், எந்த நேரம், எந்தப் பாதை என்று பிரித்துச் சொன்னால் வாசிக்கிறவர் தானே முடிவு செய்துகொள்வார். அதோடு சுற்றுலா வானும் அதே பெருந்தெருவில், அதே வளைவுகளில்தான் ஓடுகிறது என்பதையும் எழுத வேண்டும்.

நாங்கள் செய்தது இவ்வளவுதான்: காலையில் வெள்ளனப் புறப்பட்டு, பின்னேரத்துக்குள் போய்ச் சேர்ந்துவிடுவோம். நூறு கெட்சால் நோட்டை நீட்டினால் சில்லறை கிடைப்பது கஷ்டம், அதனால் முதல் நாளே ஐந்தும் பத்துமாக மாற்றி வைத்துக்கொள்வோம். ஏறுவதற்கு முன் கடைக்காரரிடமோ பக்கத்தில் நிற்கும் அம்மாவிடமோ எவ்வளவு என்று கேட்டுவிடுவோம், இல்லாவிட்டால் முன்னால் இருப்பவர் என்ன கொடுக்கிறார் என்று பார்ப்போம். வெளிநாட்டவர் என்றால் சிலர் கொஞ்சம் கூட்டிக் கேட்கத்தான் செய்கிறார்கள், ஆனால் சரியான தொகையைப் பேசாமல் கையில் வைத்தால் வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். கடவுச்சீட்டு உடம்போடு. பெரிய பெட்டி வேண்டவே வேண்டாம், மடியில் அடங்குகிற பை போதும். சாப்பாட்டைப் பற்றிக் கவலையில்லை, சந்திகளில் சோளரொட்டியும் கறுப்பு அவரையும் முட்டையும் மலிவாகக் கிடைக்கும், பஸ்ஸுக்குள்ளேயே கச்சான் விற்க வருவார்கள், ஒருவர் வந்து சகல நோய்க்குமான மருந்தைப் பற்றி ஒரு பிரசங்கமே வைத்தார்.

சொலொலாவிலிருந்து பனஹாச்செலுக்கு இறங்கும் அந்த எட்டுக் கிலோமீற்றரை மட்டும் தயவுசெய்து யாரும் தவறவிடாதீர்கள். ஐந்நூறு மீற்றருக்கு மேல் கீழே இறங்குகிறது, ஒவ்வொரு வளைவிலும் ஏரி ஒரு தடவை தெரியும், மறையும், அந்தப் பக்கம் அதித்லான், தொலிமான், சான் பெத்ரோ என்று மூன்று எரிமலை. சொலொலாவில் செவ்வாயும் வெள்ளியும் சந்தை, அந்த நாட்களில் பஸ்ஸுக்குள் ஸ்பானிய மொழியைவிடக் கக்சிகெல் என்ற மாயா மொழிதான் அதிகம் காதில் விழும். அந்த நாட்டின் பூர்வகுடிகளான மாயா மக்களின் மொழிகள் மட்டும் 22 இருக்கின்றன. 1960இல் தொடங்கி 1996 வரை அங்கே உள்நாட்டுப் போர் நடந்தது. கொல்லப்பட்டவர்களும் காணாமல் போனவர்களும் இரண்டு லட்சத்துக்கு மேல் என்று உண்மை ஆணைக்குழு சொன்னது, அதில் மிகப் பெரும்பான்மையினர் மாயா மக்கள். அவர்கள் பக்கத்தில் நெருக்கியடித்து உட்கார்ந்து, அவர்கள் தங்கள் மொழியில் உரக்கப் பேசிச் சிரிப்பதைக் கேட்டுக்கொண்டு போனபோது எனக்கு ஏற்பட்ட உணர்வை இங்கே இருக்கும் தமிழருக்கு நான் விளக்கத் தேவையில்லை. கட்டுரையில் அந்த மக்களைப் பற்றி ஒரு வரிகூட இல்லாதது எனக்கு உண்மையாகவே கவலை தந்தது.

கட்டுரையில் ஒரு பிழையும் இருக்கிறது. சிச்சிகாஸ்தெனாங்கோ சந்தை தினமும் நடக்கிறது என்று போட்டிருக்கிறீர்கள். பெரிய சந்தை வியாழனும் ஞாயிறும் மட்டும்தான். இதை நம்பி ஒருவர் திங்கட்கிழமை போய் இறங்கினால் பெரும்பாலும் வெறும் தெருவைத்தான் பார்த்துவிட்டு வர வேண்டும். லொஸ் என்குவென்ட்ரோஸ் சந்தியில் இறங்கினால் வடக்கே பதினேழு கிலோமீற்றர்தான், அங்கேயும் பஸ் ஓடுகிறது. இந்தத் திருத்தத்தை அடுத்த ஞாயிறே போட்டுவிடுங்கள்.

இன்னொரு வேண்டுகோள். உங்கள் பயணப் பக்கத்தில் எந்த நாட்டைப் பற்றி எழுதினாலும், அந்த ஊர்ச்சனம் எதில் போகிறார்கள், எங்கே ஏற வேண்டும், எவ்வளவு கொடுக்க வேண்டும், கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்பதை ஒரு சிறு பெட்டிச் செய்தியாகவாவது போடுங்கள். உங்கள் வாசகர்களில் முக்கால்வாசிப் பேர் கொழும்பில் 100ஆம் இலக்க பஸ்ஸிலும் 138ஆம் இலக்க பஸ்ஸிலும் தொங்கிக்கொண்டு வேலைக்குப் போகிறவர்கள். குவாத்தமாலா பற்றி அப்படி ஒரு பெட்டிச் செய்தி போடுவதானால், நாங்கள் போன பாதைகளையும் கொடுத்த கட்டணங்களையும் குறித்து வைத்த கொப்பி என்னிடம் இருக்கிறது, கேட்டால் பிரதி எடுத்து அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
வெள்ளவத்தை, கொழும்பு 6.